டாக்டர் வரும் காட்சி

"புஷ்பபாய் குடும்பம். மகன் நிபின் நடித்த இங்கிலீஷ் சினிமா வெளிவந்ததற்காக ஸ்தோத்திர காணிக்கை."

சபைச் செயலாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார். அதற்கு முன்னால் வாசித்தது ஒரு சுகப்பிரசவம். அதற்குப் பின்னால் வரப்போவது ஒரு பித்தப்பை ஆப்பரேஷன். இரண்டுக்கும் நடுவில் சினிமா.

கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் வெள்ளைக்கார மிஷனரி கட்டிய அந்தப் பழைய சபையில், சினிமா என்ற சொல் இதுவரை பிரசங்கத்தில் பாவங்களின் வரிசையில்தான் வந்திருக்கிறது. இன்றைக்குத்தான் ஸ்தோத்திரத்தில் ஏறியது. பெண்கள் பக்கம் நாலைந்து தலைகள் திரும்பின. புஷ்பபாய் நிமிரவில்லை. முட்டு வலிக்கும்போது ஜெபத்துக்குத் தலை குனிகிற மாதிரி குனிந்து உட்கார்ந்துகொள்வது அவளுக்குப் பழக்கம்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிடைத்த பிறகு நன்றி சொல்வதுதான் அந்தச் சபையின் வழக்கம். பிள்ளை பிறந்த பிறகு, வேலை கிடைத்த பிறகு, வீடு குடியேறிய பிறகு. புஷ்பபாய் வெள்ளிக்கிழமையே காணிக்கைக் கவரைக் கொடுத்துவிட்டாள். படம் பார்க்கப் போவதோ இன்றைக்கு மத்தியானம்தான். வேறு எதிலும் அவசரப்படாத மனுஷி, இதில் அவசரப்பட்டுவிட்டாள்.

போன வாரம் அவளை எங்கே விட்டோம் என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். புஷ்பபாய் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வயசானவர்களின் வார்டு, பெரும்பாலும் நைட் டூட்டி. போகும்போது மகன் நிபினுக்கு எட்டு வயது. அவனையும் கூட்டிக்கொண்டு போனாள். கணவர் ராஜையாவும் போனார், மூன்று குளிர்காலம் தாங்கினார், பிறகு "எனக்க ரப்பர் அங்க கிடந்து கரயுது" என்று, மரங்களே அவரைத் தேடி அழுகிற மாதிரிச் சொல்லி, அம்பூரி ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். பையன் அங்கேயே படித்தான். டாக்டராவான் என்று எல்லோரும் நினைத்திருக்க, நடிகனானான். லண்டனில் மேடை நாடகம், டெலிவிஷனில் இரண்டு துண்டு வேஷம், இப்போது முதன்முதலாக ஒரு பெரிய படம்.

புஷ்பபாய் லீவில் வந்திருக்கிறாள். புதன்கிழமை திரும்புகிற டிக்கெட். அந்த டிக்கெட்டை நினைத்தாலே அவளுக்கு முட்டு இரண்டும் கடுக்க ஆரம்பித்துவிடுகிறது. அதனால்தான் போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அப்படிச் சொன்னாள்: "நிபினுக்க படத்தைப் பாப்பேன். அவன் நிலைச்சுட்டான்னு கண்ணால கண்டா, அண்ணைக்கே ராஜினாமா எழுதுவேன். பொறவு நான் எங்கயும் போகமாட்டேன்."

ராஜையா அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகத் தின்றார்.

*

மத்தியானம் சபை வாசலில் ஜிஜோவின் வேன் வந்து நின்றது. ஜிஜோ வாலிபர் சங்கத் தலைவன், கல்யாணத்துக்கும் கன்வென்ஷனுக்கும் வேன் ஓட்டுகிறவன். சபையின் பெண்கள் ஐக்கியத்தை சினிமாவுக்கு ஏற்றிப் போவது அவனுக்கும் இதுதான் முதல் தடவை.

நிபின் வரவில்லை.

"எனக்கு என்னையே பாக்க முடியாதும்மா," என்றான். "நடிக்கியவங்க முக்காவாசிப் பேரும் அப்பிடித்தான். நீங்க பெயிட்டு வாருங்க."

அவன் வெள்ளிக்கிழமைதான் வந்து இறங்கினான், மொட்டைத் தலையோடு. ஏதோ நாடகத்தில் கைதி வேஷமாம். மீசை இல்லை, தாடி இல்லை. காலையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, யாரோ வேண்டுதலுக்கு மொட்டை போட்டவர் என்று நினைத்த சொந்தக்காரர்களும் உண்டு. ஆகவே புஷ்பபாய் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தாள்: "படத்தில இப்பிடி இருக்கமாட்டான், கேட்டியளா. முடி உண்டு, தாடி உண்டு. பாத்தா சட்டுனு ஆளு பிடிகிட்டாது. டாக்டர் வேஷமாக்கும்."

தாடி என்ற இந்த ஒரு வார்த்தை பின்னால் என்ன பாடு படுத்தப்போகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

ஐக்கியத்தின் செயலாளர் லீலாபாய் முன் சீட்டில் ஏறினார். அறுபத்தெட்டு வயது வரை தியேட்டர் வாசற்படி மிதிக்காதவர். வண்டி கிளம்புமுன் எல்லோரையும் கண் மூடச் சொன்னார்.

"ஆண்டவரே, நாங்க போற எடம் உமக்குத் தெரியும். எங்க கண்ணையும் காதையும் காத்துக்கொள்ளும். நம்ம புஷ்பத்துக்க மோன் வாற எடத்தில மட்டும் தொறந்து தாரும். ஆமென்."

"ஆமென்," என்றது வேன். ஜிஜோ சிரிப்பை அடக்கிக்கொண்டு கியர் போட்டான்.

நெய்யாற்றின்கரைத் தியேட்டரில் அந்தப் படத்துக்கு மத்தியானக் காட்சி மட்டும்தான். பாதி நாற்காலி காலி. வெள்ளைச் சேலைகளாக இரண்டு வரிசை நிரம்பியதைப் பார்த்து டிக்கெட் கிழிக்கிறவர் பயந்துபோய், "அம்மச்சி, இது இங்கிலீஷ் படமாணு, கேட்டோ," என்றார்.

"அறியாம். நம்முட பையன் உண்டு," என்றார் லீலாபாய், எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறோம் என்ற கம்பீரத்தோடு.

ராஜையா புஷ்பபாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கல்யாணத்துக்கு அடிக்கிற சென்ட். விளக்கு அணைந்ததும் நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கதை புஷ்பபாய்க்குத் தெரியும். காணாமல் போன தகப்பனைத் தேடி ஒரு பெண் ஊர் ஊராக அலைகிறாள். முக்கால் படம் முடிந்த பிறகு அவருக்கு அடிபட்டிருப்பதாக ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வருகிறது. ஓடுகிறாள். அங்கே ஒரு இளம் டாக்டர், உங்கள் அப்பா இறந்துவிட்டார் என்று சொல்கிறான். அந்த டாக்டர் நிபின்.

அந்தக் காட்சியை அம்மாவும் மகனும் வீடியோ காலில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அவள் வேலைக்குக் கிளம்ப யூனிஃபார்ம் போட்டுக்கொண்டே சொல்லுவாள், "நின்னுட்டு சொல்லாத மக்கா. முதல்ல பக்கத்தில இரு. செத்துப்போனவருக்க பேரைச் சொல்லு. வேற நல்ல வார்த்தை தேடாத, செத்துப்போச்சுன்னே சொல்லு. சொல்லிட்டு உடனே எழும்பிப் போயிராத." அவன் சொல்லிக் காட்டுவான். ஒரு தடவை அவள் பொத்தான் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அந்தச் செய்தியை எத்தனையோ பேருக்குச் சொன்னவள்தான். ஆனால் யாரும் அவளுக்கு உட்கார்ந்து சொன்னதில்லை. அவளுடைய அம்மா செத்த செய்தி வார்டுக்கு ஃபோனில்தான் வந்தது.

திரையில் ஃபோன் மணி அடித்தது. புஷ்பபாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ராஜையாவின் கையைத் தட்டினாள். "இப்பம் வருவான்."

அந்தப் பெண் ஃபோனை எடுத்தாள். முகம் மாறியது.

அடுத்தது கல்லறைத் தோட்டம். மழை, கறுப்புக் குடைகள், சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குகிறார்கள்.

ஆஸ்பத்திரி எங்கே? புஷ்பபாய்க்குப் புரியவில்லை. பிறகு நினைத்துப் பார்க்கிற மாதிரிக் காட்டுவார்களாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். படத்தில் மிச்சமிருந்த கொஞ்ச நேரமும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் காட்சி இனி வராது என்று அவளுக்குத் தோன்றியது. இருபத்திரண்டு வருஷம் நைட் டூட்டி பார்த்தவளுக்கு அது தெரியும். மானிட்டர் சத்தம் மாறுவதற்கு முன்பே உள்ளுக்குள் தெரிந்துவிடுமே, அதுதான்.

அப்போது கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே ஒரு போலீஸ் கார் வந்து நின்றது. கறுப்பு கோட்டு போட்ட போலீஸ்காரன் ஒருவன் இறங்கினான். மாநிறம், அடர்ந்த முடி, தாடி. அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு ஏதோ இரண்டு வாக்கியம் சொன்னான்.

"நிபினாக்கும்!" லீலாபாயின் குரல் தியேட்டரையே எழுப்பியது. "தாடி வச்சிருக்கான், பாருங்க! எனக்க ஆண்டவரே, நிபின்!"

இரண்டு வரிசையும் கைதட்டியது. பின்னாலிருந்து ஒருத்தன் விசில் அடித்தான்.

அது நிபின் இல்லை. தோளைப் பார்த்தாலே தெரிகிறது. அவனைவிட அரைத் தலை உயரம், மூக்கு வேறே, நடையும் வேறே. தாடிக்குள் இருக்கும் முகத்தைப் பத்து மாசம் சுமந்தவளுக்குத் தெரியாதா?

புஷ்பபாய் ராஜையா பக்கம் திரும்பினாள். அவர் எழுந்தே நின்றுவிட்டார். கைதட்டிக்கொண்டிருந்தார். திரை வெளிச்சத்தில் கன்னம் நனைந்திருந்தது தெரிந்தது.

"எனக்க மோன்," என்றார். "கண்டியா புஷ்பம்? அப்பன் ஜாடை அப்பிடியே."

இந்த மனுஷனுக்குப் பெற்ற பிள்ளையின் முகம் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று யோசித்தபோது, எட்டு வயதில் அவனைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறியது யார் என்ற கேள்வி வந்து நின்றது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

*

திரும்பும் வழியெல்லாம் வேன் ஒரே ஆரவாரம்.

"டாக்டர்ன்னு சொன்ன, போலீசாட்டு வந்தானே புஷ்பம்?"

"வேஷத்தை மாத்தியிருப்பாவ. சினிமாக்காரங்களுக்கு என்ன?"

"அந்தக் கோட்டு என்னா எடுப்பு! கொஞ்ச நேரம்ன்னாலும் மனசில நிக்குது."

புஷ்பபாய் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். அமரவிளை பாலம் தாண்டியதும் சொல்லலாம், உதியன்குளங்கரை வரட்டும், சொல்லலாம். வாயைத் திறக்கும்போதெல்லாம் காலையில் செயலாளர் வாசித்தது காதில் விழுந்தது. இனி என்ன சொல்ல, ஆண்டவருக்கு நன்றி சொல்லியாச்சே! உடம்பும் அசந்துவிட்டது. பொய்யைச் சுமக்கவும் தெம்பு வேண்டும், அதைக் கீழே இறக்கவும் தெம்பு வேண்டும். அவளிடம் இரண்டுக்கும் இல்லை.

"மாமா," என்று ஜிஜோ கண்ணாடியில் ராஜையாவைப் பார்த்தான். "நிபின் அண்ணன் வாறப்ப நான் ஃபோன்ல படம் பிடிச்சேன். நம்ம ரதீஷுக்க கடைக்கு அனுப்பியாச்சு. வாலிபர் சங்கம் பேரில ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கட்டா?"

"அடிலே! கேக்கணுமா?" என்றார் ராஜையா. "பெருசாட்டு அடி. பஸ்ஸில போறவனுக்கும் தெரியணும்."

புஷ்பபாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து லீலாபாய் எல்லோரையும் சத்தம் போடாமல் பேசச் சொன்னார்.

*

வீட்டுக்கு வந்ததும் ராஜையா தெருவிலேயே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுச் செல்லசாமியிடம் படக்கதை சொல்லியாக வேண்டுமே. புஷ்பபாய் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

நிபின் மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்திருந்தான். காந்தாரி மிளகாய் வைத்து, சம்மந்தி என்கிற துவையல் அரைத்துக்கொண்டிருந்தான். லண்டனில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஃபோனில் கேட்டுக் கேட்டுப் படித்தவன்.

"படம் எப்பிடிம்மா?" என்றான், திரும்பாமலே.

"எலே, இஞ்ச பாரு."

திரும்பினான்.

"டாக்டர் எங்க மக்கா?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தான். தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

"கட் பண்ணியாச்சும்மா."

"எப்பம்?"

"ஜனவரியில. மெயில் வந்தது. படம் நீளம் கூடிப்போச்சாம். நான் நல்லாத்தான் செஞ்சேனாம். ஆனா அந்த சீன் இல்லேன்னா கதை வேகமாட்டு போகுமாம்." எட்டு வயதில் கொண்டுபோன தமிழ் அப்படியே இருந்தது அவனிடம், குரல் மட்டும்தான் தடித்திருந்தது. "ரொம்ப மரியாதையாட்டு எழுதியிருந்தாவ."

"ஆருட்டயெல்லாம் சொன்ன?"

"ஆருட்டயும் சொல்லல்ல. உன்கிட்டதான் முதல்ல சொல்லுதேன்."

"ஏம்ல இத்தன நாளும் சொல்லல்ல?"

"என்னன்னு சொல்ல? படம் வருதுன்னு ஃபோன்ல சொன்ன அண்ணைக்காக்கும் நீ வேலைய விடுவேன்னு சொன்னது. உனக்க குரல் எப்பிடி இருந்ததுன்னு உனக்குத் தெரியாது." அவன் குனிந்து தரையைப் பார்த்தான். "ஒவ்வொரு ஆடிஷனுக்கும் உனக்க காலையும் கூட்டிட்டாக்கும் போறேன். கிடைச்சா அம்மா நைட்டு ஒறங்கலாம். கிடைக்கல்லேன்னா அம்மா நிக்கணும். அப்பிடிப் போய் நின்னா வசனம் எப்பிடிம்மா வரும்?"

புஷ்பபாய்க்குச் சுருக்கென்றது. தன் ஓய்வைப் பிள்ளையின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. அது பிரியம் என்றே நினைத்திருந்தாள்.

"இப்பம் வேற படம் உண்டா?"

"இல்ல. மெடிக்கல் காலேஜில ஒரு வேலை உண்டு. பிள்ளையளுக்குப் பரீட்சை நடக்கும்போ நான் நோயாளியாட்டு நடிக்கணும். திங்கள் நெஞ்சுவலி, செவ்வாய் வயித்துவலி." லேசாகச் சிரித்தான். "டாக்டர் வேஷம் போச்சு, நோயாளி வேஷம் உண்டு."

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் மற்றதைச் சொல்ல முடிந்தது. தாடி வைத்த போலீஸ்காரனைப் பற்றி, லீலாபாய் கூவியதைப் பற்றி, இரண்டு வரிசை கைதட்டலைப் பற்றி.

நிபின் முதலில் நம்பவில்லை. பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "ஹர்ஜித்தா? அய்யோ அம்மா! அவன் பஞ்சாபி!" சிரிப்பு மெல்ல அடங்கியது. "லண்டன்லயும் இதுதான். எங்க ரெண்டுபேருக்க ஃபோட்டோவும் எப்பளும் மாறிப்போவும். அவனுக்க ஸ்கிரிப்ட் எனக்கு வரும். போன மாசம் ஒரு டைரக்டர் எனக்க கையைப் பிடிச்சு, அவன் நடிச்சதுக்கு என்னைப் பாராட்டினாரு. நான் தேங்க் யூன்னு சொல்லிட்டு வந்தேன். இங்க வந்தாலாவது..."

அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான்.

"வார்டில என்னைய சுமின்னாக்கும் விளிப்பாவ," என்றாள் புஷ்பபாய்.

"எந்தச் சுமி?"

"காட்டாக்கடைக்காரி ஒருத்தி. அவ வேலைய விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்பளும் நான் சுமிதான்."

"நீ சொல்லமாட்டியா?"

"முதல்ல சொன்னேன். பொறவு மருந்து குடுக்க நேரமாச்சுன்னு போயிருவேன்." அவள் முட்டைத் தடவிக்கொண்டாள். "அலுத்துச் சடைச்சுப்போச்சு மக்கா. நிசமாட்டு சடைச்சுப்போச்சு."

மரச்சீனி ஆவி ஜன்னல் கம்பியில் படிந்தது.

"அப்பாவுமா?" என்று கேட்டான் நிபின் திடீரென்று. "அப்பாவும் கைதட்டினாரா?"

புஷ்பபாயின் பார்வை பின்வாசலுக்குப் போயிற்று. கையில் செருப்போடு ராஜையா அங்கே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. இஸ்திரிச் சட்டை வியர்வையில் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"என்ன அம்மைக்கும் மோனுக்கும் ரகசியம்?" என்றார். குரல் தேவைக்குமேல் உரக்க வந்தது. "அது நிபின் இல்லன்னு எனக்குத் தெரியாதா? கட் பண்ணின விஷயம் எனக்கு முன்னயே தெரியும். இவன் எனக்குட்ட சொல்லியாச்சு. அத்தன பெண்ணுங்களுக்க முன்ன உனக்கு நாணக்கேடு வரண்டாம்னாக்கும் நான் கைதட்டினது."

சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார். வாய்தான் பேசியது, கண் கெஞ்சியது.

"இல்லியா மக்கா? நீ சொன்னேல்லியா?"

புஷ்பபாயும் மகனைப் பார்த்தாள். இப்போதுதான், இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஆருட்டயும் சொல்லல்ல என்று சொன்னான் பிள்ளை.

நிபின் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. எழுந்து சம்மந்தியை அம்மியிலிருந்து வழித்துக்கொண்டே, பழைய சங்கதியைத் திரும்பக் கேட்கிறார்களே என்ற லேசான அலுப்போடு சொன்னான்.

"ஆமாம்மா. அப்பாட்ட அப்பளே சொன்னேன். உன்கிட்ட சொல்லண்டாம்ன்னு நாந்தான் சொன்னது. அப்பாவ ஒண்ணும் சொல்லாத."

ராஜையாவின் தோள் இறங்கியது. "பாத்தியா," என்றார் மனைவியிடம். பிறகு செருப்பைக் கீழே போட்டார்.

தன் மகன் நல்ல நடிகன்தானா என்று புஷ்பபாய்க்கு இதுவரை நிச்சயமாகத் தெரியாது. மேடையில் அவனைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. நைட் டூட்டி முடித்துவிட்டு நேராகப் போனதால், இரண்டாம் பாதியில் தூங்கிவிட்டாள். இன்றைக்கு முழித்திருந்து பார்த்தாள்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மரச்சீனியைக் கிளறப் போகிற மாதிரி எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்லா செஞ்ச மக்கா," என்றாள்.

"எதம்மா?"

"சம்மந்திய."

*

அப்போதுதான் ராஜையாவுக்கு ஞாபகம் வந்தது. "எளவு! அந்த ஃப்ளெக்ஸ்!"

ஃபோனைப் போட்டார். ஜிஜோவின் குரல் வெளியே கேட்டது. "அடிச்சு வந்தாச்சு மாமா! ஜங்ஷன்ல கெட்டிட்டு இருக்கோம். வந்து பாருங்க, என்னா லுக்கு! லைட்டும் போடப்போறோம்."

"கெட்டாதலே!"

"கெட்டியாச்சு மாமா. நீங்கதானே பெருசாட்டு அடிக்கச் சொன்னது?"

ராஜையா ஃபோனை வைத்தார். உத்தரத்தில் செருகியிருந்த வெட்டுகத்தியை உருவினார். வாசலுக்குப் போனவர் நின்றார்.

"நானும் வாறேன்ப்பா," என்றான் நிபின்.

ராஜையா திரும்பி அவனைப் பார்த்தார். மொட்டைத் தலை, மழித்த மோவாய், கையில் காந்தாரி வாசனை. வெகுநேரம் பார்த்தார். பாடம் படிக்கிறவர் பார்க்கிற பார்வையாக இருந்தது அது.

"வா," என்றார்.

இருவரும் கேட்டைத் திறந்துகொண்டு போவதைப் புஷ்பபாய் ஜன்னலில் நின்று பார்த்தாள். பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே நடை, இடது காலைச் சற்று அகலமாக வைக்கிற அதே நடை. இதைத் தியேட்டரில் பார்த்திருந்தால் போதுமே, மனுஷன் ஏமாந்திருக்கமாட்டாரே என்று நினைத்தாள்.

பிறகு மேஜைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தாள். ராஜினாமா மெயிலைப் போன வாரமே எழுதி வைத்திருந்தாள். மகன் தன் தொழிலில் நல்ல நிலைக்கு வந்துவிட்டதால் நான் ஓய்வு பெற விரும்புகிறேன் என்று இங்கிலீஷில் அழகாக இருந்தது. அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். எனக்கு முட்டு வலிக்கிறது, இனி என்னால் இரவில் நிற்க முடியாது என்று எழுதினாள். அவனுடைய படம் ஓடினாலும் வலிக்கிறது, ஓடாவிட்டாலும் வலிக்கிறது. இந்தச் சின்ன விஷயம் புரிய இத்தனை வருஷமா? கீழே தன் முழுப் பெயரையும் போட்டாள். அனுப்பினாள்.

சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. நாற்காலியில் சாய்ந்தாள்.

ஃபோன் அடித்தது. லீலாபாய்.

"எட்டீ புஷ்பம்! நான் ஜங்ஷன்லயாக்கும் நிக்கேன். உனக்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு? ஏணியில ஏறி, வெட்டுகத்திய வச்சு ஃப்ளெக்ஸ அறுக்காரு! பெத்த மோனுக்க படத்த! ஆளு கூடியாச்சு. ஜிஜோ கண்ணு நெறஞ்சு கரையப் போறான். வீட்டில ஏதும் சண்ட வழக்கா?"

புஷ்பபாய் கண்ணை மூடினாள். மருந்து கொடுக்க நேரமாச்சு என்று சொல்லிப் போய்விட இங்கே வார்டு எதுவும் இல்லை.

"லீலாக்கா, அந்த ஃப்ளெக்ஸில இருக்கியது எனக்க மோன் இல்ல."

"என்னது?"

"அவன் வேற ஆளாக்கும். நிபின் நடிச்சத வெட்டிட்டாவ. படத்தில அவன் இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஏணிக்க கீழ பாருங்க. ஏணியப் பிடிச்சிட்டு ஒரு மொட்டைத் தலையன் நிக்கானா?"

"நிக்கான்."

"அவனாக்கும் எனக்க மோன்."

ஃபோனுக்குள் திருவனந்தபுரம் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. யாரோ "பாத்து, பாத்து, பிடிச்சுக்கோ மக்கா" என்று சத்தம் போட்டார்கள். அது ராஜையாவின் குரல்.

லீலாபாய் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்பம் காலையில நாம ஆண்டவருக்கு நன்றி சொன்னது எதுக்கு புஷ்பம்?"